குளிர்காலத் தோட்டப் பறவைகளுக்கான கொழுப்பு உருண்டை: எந்தக் கொழுப்பில் செய்வது நல்லது?

இங்கிலாந்தில் டிசம்பர் மாதப் பகல் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. 11 கிராம் அளவே எடையுள்ள ப்ளூ டிட் என்னும் சிறு தோட்டப் பறவை, எஞ்சிய பதினாறு மணி நேர இருட்டைத் தன் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்தே கடந்தாக வேண்டும். கடுங்குளிர் இரவொன்றில் அது தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடக்கூடும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகையில் கொழுப்பு 9 கலோரி தருவதால்தான், குளிர் தொடங்கியதும் அந்நாட்டுத் தோட்டங்களில், உருக்கிய கொழுப்பில் விதைகளைக் கலந்து உறையவைத்த கொழுப்பு உருண்டைகள் தொங்கத் தொடங்குகின்றன. வீட்டில் செய்தால் உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும், செலவும் குறைவு. ஆனால், வழக்கமான செய்முறைகள் மாட்டுக் கொழுப்பிலோ பன்றிக் கொழுப்பிலோதான் தொடங்குகின்றன. அவ்விரண்டையும் அடுப்படிக்குள் கொண்டுவர விரும்பாத குடும்பங்கள் அங்கு வாழும் தமிழரிடையே நிறைய உண்டு. அவர்களையும் மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எந்தக் கொழுப்பையும் எடைபோட வேண்டிய முதல் அளவுகோல், அது வெளியே தொங்கும்போது இறுகி நிற்குமா என்பதே. பறவையின் இறகு ஒவ்வொன்றிலும் உள்ள மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று கொக்கிபோல் பிணைந்து, உடலை ஒட்டிக் காற்றைச் சிறைப்படுத்தி வைக்கின்றன. குளிரைத் தடுப்பதும் மழைநீரை வழியவிடுவதும் அந்தப் பிணைப்பின் வேலை. இளகிய கொழுப்பு மார்பிறகில் ஒட்டினால் இழைகள் திரிதிரியாகச் சேர்ந்துகொள்கின்றன, காற்று வெளியேறிவிடுகிறது, நாம் உதவ நினைத்த பறவை நனைந்து விறைத்துப்போகிறது. சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய், மென்மையான மார்கரின் ஆகியவற்றை இந்த ஒரு காரணத்துக்காகவே முற்றிலும் ஒதுக்கிவிடலாம்.

இந்த அளவுகோலில் மாட்டுக் கொழுப்புதான் முதலிடம் பெறுகிறது. சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பை இறைச்சிக் கடையில் கேட்டு வாங்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, மிகச் சிறு தீயில் உருக்கி, சக்கையை வடிகட்டினால், ஆறியதும் மெழுகைப் போல வெளுத்து, விரல் நகம் பட்டால் உதிரும் அளவுக்கு இறுகுகிறது. உருகுவதற்கு 45 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் தேவை என்பதால், குளிர்கால வெயில் நேராக விழும் சுவரோரத்தில்கூட அது குழைவதில்லை. உருக்கும்போது வரும் வாடை கடுமையானது. சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே செய்ய வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்க்க விரும்புவோர் பொட்டலத்தில் வரும் துருவிய கொழுப்பை வாங்குவதுண்டு. 1893-இல் மான்செஸ்டரில் தொடங்கப்பட்ட அடோரா இதில் எல்லோரும் அறிந்த பெயர். துருவல் ஒட்டாமலிருக்க அதில் கோதுமை மாவு கலந்திருப்பதால், அதே எடைக்குப் பிணைக்கும் கொழுப்பு சற்றுக் குறைவு. அதில் கலக்கும் ஓட்ஸ், விதை போன்ற உலர் பொருளையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

லார்டு எனப்படும் பன்றிக் கொழுப்பு எந்தப் பல்பொருள் அங்காடியிலும் கட்டியாக, மிக மலிவாகக் கிடைக்கிறது. வடிகட்டும் வேலையும் இல்லை. மாட்டுக் கொழுப்பைவிட மென்மையானதுதான், எனினும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்த வேறுபாடு பறவைக்குத் தெரியப்போவதில்லை. விலக்கு ஏதுமில்லாத வீட்டில், முதன்முறை செய்பவருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

விலங்குக் கொழுப்பு வேண்டாம் என்போருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலில் நம் கை போவது தேங்காயெண்ணெய்க்குத்தான். அது 24 டிகிரியில் உருகிவிடும். ஜனவரியில் அது கல்லாக உறைந்திருக்கும். மார்ச் மாதத்து நண்பகல் வெயிலில், தெற்கு நோக்கிய சன்னலுக்கு அருகில் தொங்கினால் சொட்டத் தொடங்கிவிடும். ஆகவே நிழலான கிளையில், கடுங்குளிர் மாதங்களில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. நெய் இரண்டாவது வழி. உப்பில்லாதது என்பது அதன் நல்ல குணம். ஆனால் மணல்மணலாக உறையும் அதன் இயல்பு உலர் பொருளை இறுகப் பிடிப்பதில்லை, விலையும் கட்டுப்படியாகாது. மூன்றாவதாக வரும் பாமாயில் சார்ந்த கெட்டியான தாவரக் கொழுப்புக் கட்டிதான் இவற்றுள் நம்பகமானது. பாமாயிலுக்காகக் காடுகள் அழிக்கப்படுவது ஓர் உண்மையான மனக்குறை. பறவைக்காகச் செய்யும் வேலையில் அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தேங்காயெண்ணெயை நிழலில் வைப்பதா, பாமாயில் கட்டியை எங்கும் வைப்பதா என்று கேட்டால், நிழலான இடமுள்ள தோட்டத்தில் நான் தேங்காயெண்ணெயின் பக்கமே சாய்வேன்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏற்கக் கூடாத ஒன்று, இறைச்சி வறுத்த தட்டில் மிஞ்சும் கொழுப்பு. வீணாக்காமல் பறவைக்கு வைக்கலாமே என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அதில் இறைச்சிச் சாறும் உப்பும் மசாலாவும் கலந்திருக்கின்றன. இறுகாமல் பிசுபிசுக்கும் அந்தக் கலவை இறகில் ஒட்டுவதோடு, நோய்க்கிருமிகள் பெருகவும் இடம் கொடுக்கிறது. சிறு பறவையின் உடல் உப்பைத் தாங்காது என்பதால், மிஞ்சிய மிக்சரையும் காராசேவையும் உதிர்த்துப் போடுவதும் கூடாது.

கொழுப்பைத் தேர்ந்தபின் அளவு எளிது: ஒரு பங்கு கொழுப்புக்கு இரண்டு பங்கு உலர் பொருள். சமைக்காத ஓட்ஸ், தோல் நீக்கிய சூரியகாந்தி விதை, பொடித்த உப்பில்லா நிலக்கடலை ஆகியவை போதும். சமைத்த ஓட்ஸ் பசையாகி அலகைச் சுற்றி இறுகிவிடும், உலர்ந்த தேங்காய்த் துருவல் வயிற்றுக்குள் ஊதிப் பெருகும், இரண்டும் வேண்டாம். நாய் வளர்ப்போர் உலர்திராட்சையைத் தவிர்ப்பது நல்லது, கீழே சிந்தியது நாய்க்கு நஞ்சாகும். அணில் தொல்லை இருந்தால் மிளகாய்த்தூளைக் கொழுப்பிலேயே கலந்துவிடலாம். பாலூட்டிகளுக்கு எரிவது பறவைகளுக்கு உறைப்பதில்லை. உலர்தூளாக மேலே தூவினால் கண்ணில் படும், ஆகவே உருகிய நிலையிலேயே கலக்க வேண்டும்.

உலர் பொருளில் கருமித்தனம் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வாலில் ப்ளூ டிட்களைக் கவனித்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, குளிர்காலத்தில் கொழுப்பு உருண்டை வைக்கப்பட்ட இடங்களில் அடுத்த வசந்தத்தில் குஞ்சுகளின் எடையும் பிழைப்பும் குறைந்திருந்ததைக் காட்டியது. உணவின் சமச்சீர் குலைந்ததாலோ, இல்லையேல் இறந்திருக்கக்கூடிய நலிந்த பறவைகளும் பிழைத்து முட்டையிட்டதாலோ அவ்வாறு நேர்ந்திருக்கலாம். இதைக் காட்டி உணவளிப்பதையே நிறுத்த வேண்டும் என்று நான் கருதவில்லை. ஆனால் வெறும் கொழுப்புக் கட்டியைத் தொங்கவிடுவதைவிட விதை மிகுந்த உருண்டையை அளவோடு வைப்பது மேல் என்று அதைப் படித்தபின் எனக்குத் தோன்றுகிறது.

எதில் வார்ப்பது என்பதைப் பொறுத்து, வரும் பறவைகளும் மாறுகின்றன. நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் தேங்காய்க் கொட்டாங்கச்சியைத் துளையிட்டுக் கயிறு கோத்து, கலவையை நிரப்பி வாய் கீழ்நோக்கித் தொங்கவிட்டால், அது டிட் இனங்களுக்கென்றே செய்தது போல அமைகிறது. ப்ளூ டிட் விளிம்பை ஒற்றைக் காலால் பற்றி, தலைகீழாகச் சுழன்றபடியே ஒரு விதையைப் பிடுங்கி, கிளைக்குப் பறந்துபோய்க் கால்விரல்களுக்கிடையே வைத்துக் கொத்தும். கூட்டமாக வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும் ஸ்டார்லிங்குகளுக்கு அவ்வளவு நேரம் தலைகீழாகத் தொங்குவது கடினம். தொங்கி உண்ணும் பழக்கம் குறைந்த ராபினுக்கோ கொட்டாங்கச்சியால் பெரிய பயனில்லை. புதரோரம் தாழ்வான இடத்தில் ஒரு கரண்டி உதிர்த்துப் போட வேண்டும். துளையிட்ட மரத்துண்டில் அடைத்தால் மரங்கொத்தி வர வாய்ப்புண்டு. தோட்டத்தைச் சுற்றிப் பெரிய மரங்கள் இருந்தால்தான் அந்த முயற்சி பலிக்கும். நைலான் வலைப்பையில் மட்டும் எதையும் தொங்கவிட வேண்டாம்: பறவைகளின் காலும் சில நேரம் நாக்குமே அதில் சிக்கிக்கொள்கின்றன.

பச்சை ஃபிஞ்சு என்னும் சிறு பறவைகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற டிரைக்கோமோனோசிஸ் நோய், உண்ணும் இடங்களில் எச்சிலாலும் எச்சத்தாலும் பரவுவது. தொங்கும் உருண்டை தட்டைவிட ஓரளவு பாதுகாப்பானது என்றாலும், வாரம் ஒருமுறை கொட்டாங்கச்சியைச் சுடுநீரில் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே மறுபடியும் நிரப்ப வேண்டும். ஒரே நேரத்தில் பெரிதாகச் செய்தவற்றை உறைபெட்டியில் வைத்துக்கொண்டு, இரண்டு நாளில் தீரும் அளவுக்கு மட்டும் வெளியே தொங்கவிடலாம். உருண்டையின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். கொழுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பருவத்துக்கு அதைக் கழற்றிவிட வேண்டியதுதான்.