ரிலீஸ் பில்டில் மட்டும் தெரியும் வெள்ளைப் பெட்டி

"அந்த சார்ட் நூலகத்தை இரண்டு வருடமாக வைத்திருக்கிறாயே, நானும் எடுக்கலாமா?" என்று நேற்று நண்பன் கேட்டான். போன மாதம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு என்று சொல்லியிருப்பேன். அவன் கேட்டதோ, புதிய பதிப்புக்கு மாறிய மூன்றாம் நாள், பயனர்களின் புகார்களுக்கு வரிசையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்த வேளையில். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் செயலி, ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் சேர்த்து ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில் எழுதப்பட்டது. நூலகம் என்பது நாம் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்; இது, வெப்வியூ (செயலிக்குள் இணையப் பக்கம் காட்டும் கூறு) ஒன்றைத் திறந்து அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினைக் கொண்டு படம் வரைகிற வகை. வரைகிற வேலையில் அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். சில ஆயிரம் புள்ளிகள் உள்ள கோட்டுப்படத்தை இரண்டு விரலால் விரித்தாலும் சுருக்கினாலும் தடுமாறுவதில்லை. விரல் நகர நகர அந்தப் புள்ளியின் மதிப்பும் கூடவே நகர்கிறது. எல்லா அமைப்புகளும் ஒரே ஆப்ஜெக்டில் இருப்பதால், பட்டைப்படத்தைக் கோட்டுப்படமாக மாற்ற ஒரு சொல்லை மாற்றினால் போதும். வடிவமைப்பாளர் கேட்ட எதையும் "இதில் முடியாது" என்று நான் திருப்பி அனுப்பியதில்லை. இரண்டு வருடத்தில் இது சிறிய விஷயம் அல்ல.

சிக்கல் எல்லாம் வரைவதற்கு முன்னால் இருக்கிறது.

முதலில் சார்பு நூலகங்கள், அதாவது ஒரு நூலகம் வேலை செய்யத் தேவைப்படும் வேறு நூலகங்கள். ரியாக்ட் நேட்டிவ் 0.60 பதிப்பிலிருந்து வெப்வியூ உள்ளே வருவதில்லை. தனிப் பேக்கேஜாக நாம்தான் சேர்க்க வேண்டும். அதே பதிப்பில் வந்த ஆட்டோலிங்கிங் என்ற தானியங்கி இணைப்பு வசதி, நம் செயலியின் பேக்கேஜ் கோப்பில் (சார்பு நூலகங்களின் பட்டியல்) நேரடியாகப் பெயர் உள்ள நேட்டிவ் நூலகங்களை (ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் நிரல் கொண்டவை) மட்டுமே இணைக்கும். சார்ட் நூலகம் தனக்குள் வெப்வியூவைச் சார்பாக எழுதி வைத்திருந்தாலும் அது இணைக்கப்படாது. இந்த ஒரு விதி தெரியாதவர், வெப்வியூ கூறு கிடைக்கவில்லை என்ற சிவப்புத் திரையை முதல் நாளே பார்ப்பார். சரி என்று அவர் தனியாகச் சேர்க்கும் பதிப்பு, நூலகம் கேட்கும் பதிப்போடு பொருந்தாவிட்டால், நூலகங்கள் வந்து இறங்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறைக்குள் வெப்வியூ இரண்டு பிரதிகளாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே பெயரில் இரண்டு கூறுகளைப் பதிவு செய்ய முயன்றதாகச் செயலி நின்றுவிடும். நூலகத்தை எழுதியவர்கள் வெப்வியூவைப் பியர் டிபெண்டன்சியாக (செயலியே தர வேண்டிய சார்பாக) அறிவித்திருந்தால், நூலகங்களை நிறுவும் கருவியான என்பிஎம்மின் 7 முதலான பதிப்புகள் நிறுவும்போதே முரண்பாட்டைச் சொல்லிவிடும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எனக்கு ஒரு மாலை வீணானது, அதோடு முடிந்தது. பிழைச் செய்தி என்று ஒன்று வந்ததே, அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற முடிந்தது.

அசெட் (செயலியோடு சேர்த்துக் கட்டப்படும் நிரலல்லாத கோப்பு) விஷயம் அப்படிப்பட்டதல்ல. அங்கே எந்தச் செய்தியும் வராது.

இந்த நூலகம் வேலை செய்ய ஒரு எச்டிஎம்எல் வார்ப்புருக் கோப்பு தேவை. வெப்வியூ முதலில் திறப்பது அதைத்தான். டீபக் பில்டில் (நாம் எழுதும்போது சோதிக்கும் பதிப்பு) ரியாக்ட் நேட்டிவின் மெட்ரோ சர்வர் அந்தக் கோப்பை நோட் மாட்யூல்ஸிலிருந்து நேராக எடுத்துக் கொடுத்துவிடுகிறது. எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் மாதிரிப் போன்) படம் அழகாகத் தெரியும், கையில் உள்ள போனிலும் தெரியும். ஐஓஎஸ் ரிலீஸ் பில்டிலும் (பயனர்களுக்குப் போகும் பதிப்பு) எனக்கு எந்தக் குறையும் வந்ததில்லை. ஆண்ட்ராய்டு ரிலீஸ் பில்டில் மட்டும், படம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பெட்டி. செயலி நிற்பதில்லை. லாக்கில் ஒரு வரி இல்லை.

முதல் முறை இதைச் சந்தித்தபோது தவறான பாதையில் அரை நாள் போனேன். ஆண்ட்ராய்டு 11-ஐ இலக்காக வைக்கும் செயலிகளில், வெப்வியூ கோப்புகளைத் திறக்கும் அனுமதி இயல்பாகவே மூடப்பட்டிருக்கும்; காரணம் அதுதான் என்று நினைத்துவிட்டேன். அந்தத் தடை செயலியின் சொந்த அசெட் கோப்புகளுக்குப் பொருந்தாது என்பது பிறகுதான் உறைத்தது. அதன் பின் பில்ட் கோப்புறையைக் கிளறினேன். கோப்பு உள்ளேதான் இருந்தது. ஆனால் அசெட்ஸ் கோப்புறையில் இல்லை. ரெஸ் கோப்புறைக்குள் ரா என்ற உள்கோப்புறையில் இருந்தது. பெயரும் மாறியிருந்தது: முழுப் பாதையும் சிறிய எழுத்துகளாகி, சாய்கோடுகள் அடிக்கோடுகளாகி, நடுவில் இருந்த இணைப்புக்குறிகள் காணாமற்போய், ஒரே நீளமான சொல்லாகக் கிடந்தது. ரியாக்ட் நேட்டிவ், ஆண்ட்ராய்டு ரிலீஸ் பில்டில் படமல்லாத அசெட்களைக் கையாளும் முறை அது. நூலகத்தின் மூலநிரலோ, ரிலீஸ் என்றால் ஆண்ட்ராய்டின் அசெட் முகவரிக்குப் போய்ப் பழைய பெயரில் தேடுகிறது. கோப்பு ஓர் இடத்தில், தேடல் இன்னோர் இடத்தில்.

ஆகவே அந்த வார்ப்புருவை நம் கையால் ஆண்ட்ராய்டு திட்டத்தின் அசெட்ஸ் கோப்புறைக்கு நகலெடுக்க வேண்டும். அங்கும் ஒரு முள்: கோப்புறையின் பெயர் பன்மையில், வெப்வியூ முகவரியில் வரும் பெயர் ஒருமையில். முகவரியைப் பார்த்து அதே பெயரில் கோப்புறை உண்டாக்கினால் மறுபடி வெள்ளைப் பெட்டிதான். நகலெடுக்க வேண்டும் என்ற இந்தச் செய்தி ஆவணத்தின் நிறுவல் பகுதியில் இல்லை. கோப்பு கிடைக்காதபோது வெப்வியூ தானாகக் காட்டும் பிழைப் பக்கத்தையும் இந்த நூலகம் ஒரு வெற்றுக் கூறு போட்டு மூடிவிடுகிறது. திரை சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்திருப்பார்கள். என்னால் இதை மன்னிக்க முடியவில்லை. இருக்கிற ஒரே துப்பையும் மறைப்பது அக்கறை ஆகாது.

இந்த வாரம் நடந்தது அதைவிட மோசம். நூலகத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன், வார்ப்புருவை நகலெடுக்கவில்லை. அசெட்ஸ் கோப்புறையில் இருந்தது முந்தைய பதிப்பின் வார்ப்புரு. வெள்ளைப் பெட்டி வந்திருந்தால் வெளியிடுவதற்கு முன்பே கண்டிருப்பேன். வரவில்லை, படம் சரியாகவே வரைந்தது, நிறங்களும் சரி. ஆனால் பட்டையைத் தொட்டால் விவரப் பக்கம் திறக்கவில்லை. புதிய நிரல் தொடுதல் செய்தியை ஒரு வடிவில் எதிர்பார்க்கிறது, பழைய வார்ப்புரு வேறு வடிவில் அனுப்புகிறது. டீபக்கில் புதிய வார்ப்புரு வந்துகொண்டிருந்ததால் என் மேசையில் எல்லாமே வேலை செய்தது. நகலெடுக்க மறந்தவன் நான்தான். ஆனால் ஒவ்வொரு பதிப்பு மாற்றத்திலும் ஒரு மனிதன் நினைவில் வைத்திருக்க வேண்டிய படியை நூலகம் ஏன் மிச்சம் வைக்கிறது?

நண்பன் எடுத்தே தீருவான் என்றால் அவனுக்கு இரண்டு வழி சொன்னேன். ஆண்ட்ராய்டு செயலியைக் கட்டும் கருவியான கிரேடிலில் காப்பி வகை டாஸ்க் ஒன்றை எழுதி, நோட் மாட்யூல்ஸில் உள்ள வார்ப்புருவை அசெட்ஸுக்கு நகலெடுக்கச் சொல்லி, பில்டின் தொடக்கப் படியான ப்ரீபில்ட் அதைச் சார்ந்திருக்குமாறு கட்டிவிட வேண்டும். நாலைந்து வரி வேலை. அப்போது ஒவ்வொரு பில்டும் புதிய கோப்போடுதான் தொடங்கும். அந்தக் கோப்பை, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் சேர்க்கவும் கூடாது. அடுத்து, ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பு, ஒரு ஜிப் கோப்புதான். வெளியிடும் முன் அதைத் திறந்து அசெட்ஸுக்குள் வார்ப்புரு இருக்கிறதா, அதன் அளவு நோட் மாட்யூல்ஸில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நேற்று முதல் நான் இரண்டையும் செய்கிறேன்.

இவ்வளவுக்கும், மாற்று நூலகங்கள் மூன்றை முயன்று பார்த்தவன் நான். வரைவதில் இதன் பக்கத்தில் வர எதுவும் இல்லை. ஓய்வு நேரத்தில் பராமரிப்பவர்கள் என்பதும் தெரியும்; கேட்ட கேள்விகளுக்கு மரியாதையாகவே பதில் தந்திருக்கிறார்கள். எங்கள் செயலியிலிருந்து இதை நீக்கப் போவதில்லை. ஆனாலும் நண்பனிடம் எடுக்காதே என்றுதான் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

வார்ப்புருவைத் தனிக் கோப்பாக வைக்காமல், நிரலுக்குள்ளேயே ஒரு சரமாக (எழுத்துத் தொடராக) வைத்து வெப்வியூவுக்குக் கொடுத்தால் நகலெடுக்கும் வேலையே இல்லை. அந்தத் திருத்தத்தை எழுதி, இரண்டு தளங்களின் ரிலீஸ் பில்டிலும் ஓட்டிப் பார்த்து, இன்று காலை பராமரிப்பாளர்களுக்கு அனுப்பிவிட்டேன். அது சேர்ந்த பதிப்பு வெளிவந்தால் மறுபடி கேள் என்று நண்பனிடம் சொல்லியிருக்கிறேன்.