கார்னியாவுக்குள் வளையம்: இழை மாதிரியா, எளிய மாதிரியா?

கெரட்டோகோனஸ் நோயால் கூம்பாகப் பிதுங்கிய கார்னியாவுக்குள் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) பிஎம்எம்ஏ என்ற கடினப் பிளாஸ்டிக்கில் செய்த வளையத் துண்டுகளைச் செருகினால் நடுப்பகுதி எவ்வளவு தட்டையாகும்? கணினியில் கணிக்க, கார்னியாவை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நெகிழும் பொருளாக வைத்துக்கொள்ளலாம். அல்லது கொலாஜன் இழைகளையும் அவை ஓடும் திசைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, வளையத் துண்டுகளுக்கு எளியதோடு நின்றுவிட்டேன்.

உடற்கூறுப்படி இழை மாதிரிதான் உண்மைக்கு நெருக்கம், அதில் வாதமே இல்லை. நடுவில் இழைகள் பெரும்பாலும் மேல்-கீழாகவும் மூக்கு-பொட்டுத் திசையிலும் ஓடும், விளிம்பில் வட்டமாகச் சுற்றும். கணக்கு முடிய நேரம் கூடும். அது பெரிய விஷயமில்லை.

சிக்கல் எண்களில்தான். இழையின் விறைப்பு, இழுக்க இழுக்க அது ஏறும் வேகம், திசைச் சிதறல் என்று கூடுதல் மதிப்புகள் வேண்டும். நோயாளியிடம் கிடைப்பதோ சுமார் 15 மிமீ பாதரசக் கண் அழுத்தத்தில் எடுத்த ஒரே டோப்போகிராஃபி, அதாவது கார்னியாவின் மேற்பரப்பு வளைவைக் காட்டும் படம். அதை வைத்து ஏறிக்கொண்டே போகும் வளைகோட்டை எப்படிப் பிடிப்பது? காற்றை ஊதிக் கார்னியா எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கும் ஏர் பஃப் சோதனையைச் சேர்த்தால், கண் அழுத்தமும் விறைப்பும் பின்னிக்கொண்டு வரும். சரி, தானக் கண்களில் அளந்த எண்களைக் கடன் வாங்கலாம் என்றால் அவை பெரும்பாலும் வயதானவர்களுடையவை. கார்னியா வயதோடு விறைக்கும்; கெரட்டோகோனஸ் தலைகாட்டுவதோ பதின்வயதிலும் இருபதுகளிலும். இதில் இன்னொரு தொல்லை: இரண்டு வெவ்வேறு எண்தொகுப்புகள் அறுவைக்கு முந்தைய வடிவத்தை ஒரே மாதிரி காட்டிவிட்டு, வளையம் நுழைந்ததும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

எளிய மாதிரி தப்பிப்பது வளையத்தின் தயவால். பிஎம்எம்ஏ கார்னியாவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு விறைப்பானது. 250 மைக்ரான் துண்டு உள்ளே போனால் திசு அதற்கு வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். விலகலை வளையமே தீர்மானிப்பதால், திசுவின் விறைப்பு மதிப்பு கொஞ்சம் தப்பினாலும் தகைவுதான் (திசுவுக்குள் எழும் விசை) அதிகம் மாறும், வடிவம் அவ்வளவு மாறாது. துண்டைச் செருகக் கார்னியாவின் தடிமனில் சுமார் 75 சதவீத ஆழத்தில் ஓடும் சுரங்கமும் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகிறது. இழைகளைக் குறுக்கே வெட்டுவது குறைவு.

எதை எடுத்தாலும், படமெடுத்த வடிவம் ஏற்கெனவே அழுத்தத்தில் உப்பியது. அழுத்தமில்லாத வடிவத்தை முதலில் மீட்காவிட்டால் கார்னியா இரண்டாம் முறை உப்பும். எளிய மாதிரியில் இந்த மீட்பு சீக்கிரம் முடிகிறது.

அஸ்டிக்மாட்டிசத்தை (திசைக்குத் திசை வளைவு மாறுவதால் வரும் பார்வைக் குறை) குறைக்கக் கார்னியாவில் போடும் வெட்டுகளுக்கு நான் இழை மாதிரிக்கே போவேன். அங்கே அறுபடுவது இழைகள்தானே. துண்டில்லாத முழு வளையத்தை நான் அதிகம் ஓட்டியதில்லை, அதற்கு இந்தத் தீர்ப்பு செல்லுமென்று சொல்லமாட்டேன்.