வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு கோஎன்சைம் க்யூ10 விற்கிறார்கள், கவனம்

அப்பாவுக்கு மைட்ரல் வால்வை மாற்றி மெட்டல் வால்வு வைத்திருக்கிறது. அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத்தான் தினமும் வார்ஃபரின். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் அளவு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும், இருந்தும் வந்தது. போன முறை திடீரென்று 1.6, அதாவது ரத்தம் சீக்கிரம் உறையும் நிலை. கீரை அதிகம் சாப்பிட்டாரா, மாத்திரை மறந்தாரா என்று டாக்டர் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. காலையில் நடக்கப் போகும் மைதானத்தில் ஒருவர் இதய நோயாளிகளாகப் பார்த்துப் பேசி கோஎன்சைம் க்யூ10 விற்றுக்கொண்டிருக்கிறார். வார்ஃபரின் சாப்பிடுகிறேன் என்று அப்பா சொல்லியும், "அதெல்லாம் ஒன்றும் செய்யாது சார், இது வெறும் சத்து மாத்திரை, கொஞ்ச நாளில் மற்ற மாத்திரையையே நிறுத்திடலாம்" என்றிருக்கிறார். அப்பாவும் நம்பி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். கேட்டபோது வயிறு எரிந்தது.

இந்தப் பொருளின் அமைப்பு, கீரையில் அதிகம் இருக்கும், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யைப் போன்றது. வார்ஃபரின் வேலை செய்வதே வைட்டமின் கே-க்கு எதிராகத்தான். கோஎன்சைம் க்யூ10 எடுத்தவர்களுக்கு வார்ஃபரினின் பலன் குறைந்ததாக 1994-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். தினம் 100 மி.கி. கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் மாற்றம் தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் மெட்டல் வால்வு உள்ளவரிடம் அதை நம்பிச் சோதித்துப் பார்க்க முடியுமா? ரத்தம் கட்டியாக உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். இது தெரியாமல் வார்ஃபரின் அளவைக் கூட்டியிருந்தால், நிறுத்தியதும் ஐ.என்.ஆர் எகிறி ரத்தக்கசிவு வரலாம். நிறுத்திய பிறகு அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும்; அப்பாவுக்கு அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் பழைய நிலைக்கு வந்தது. பி.பி. மாத்திரை எடுப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், இது ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் குறைக்கலாம். கீமோ நடக்கிறவர்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் வரும் தசைவலிக்கு நல்லது என்றும் சொல்லி விற்கிறார்கள், அதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனால் "பிரித்ததை வாங்க மாட்டோம்" என்றார், பில்லும் தரவில்லை. அந்த டப்பாவிலேயே மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது! உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பிவிட்டேன். அந்த ஆள் இன்னும் அங்கேதான் வருகிறார், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது டப்பா வாங்கி வைத்திருக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள்.