வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங்: ஐந்து வருஷம் ஓட்டிய பிறகு

நான் மெடிக்கல் கோடர். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று பார்த்து, அதற்குரிய கோடு, அதாவது குறியீட்டு எண், போட்டுக் கொடுப்பது வேலை. அந்தக் கோடை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். 2020 மார்ச் வரை சென்னையில் ஆபீஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கரணையில் வாடகை வீடு. ஊரடங்கு வந்ததும் கம்பெனியே சிபியூவையும் இரண்டு மானிட்டரையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியது. இ-பாஸ் கிடைத்ததும் அதையெல்லாம் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு தென்காசிக்கு, கணவர் வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்த வருஷம் மாமாவின் ஹார்டுவேர் கடையைக் கணவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததால் சென்னை வீட்டையும் காலி செய்தாயிற்று. இன்றுவரை வேலை முழுக்க வீட்டிலிருந்துதான். “எப்படிப்பா இருக்கு?” என்று கேட்பவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இது.

முதலில் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் காசு செலவழித்தால் சரியாகிற சமாச்சாரம். நாங்கள் படிக்கிற சார்ட்டில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, வியாதி, குடிப்பழக்கம் உண்டா என்பது வரை எல்லாம் இருக்கும். அமெரிக்காவில் 1996இல் வந்த ஹிப்பா சட்டப்படி இதெல்லாம் சம்பந்தமில்லாதவர் கண்ணில் படக் கூடாது. அதனால் எங்கள் கம்பெனி வைத்த நிபந்தனைகள்: தனி அறை, உள்ளே தாழ்ப்பாள், மேசைமேல் பேப்பர் பேனா எதுவும் கூடாது, செல்போன் அறவே கூடாது. ஆனால் சிஸ்டத்துக்குள் நுழைய ஓடிபி வருவது செல்போனுக்கு! காலையில் அறைக்கு வெளியே நின்று நம்பரைப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே உள்ளே ஓடி, நேரம் முடிவதற்குள் அடிக்க வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு உடற்பயிற்சி கிடையாது.

இந்த நிபந்தனைகளில் எதையும் வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை, கதவைத் தவிர. எங்கள் தெருவில் காலையில் திறந்த வாசல்கதவை ராத்திரி படுக்கப் போகும்போதுதான் சாத்துவார்கள். பக்கத்து வீட்டுச் சித்தி தயிருக்கு உறை கேட்டு அடுப்படி வரைக்கும் வருவார். அப்படிப்பட்ட வீட்டில் மருமகள் பட்டப்பகலில் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால்? “ஏம்மா, பகல்ல கதவ அடைச்சுக்கிட்டு இருந்தா வாறவுக போறவுக என்ன நெனைப்பாவ?” என்று அத்தை கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையாகத்தான் கேட்டார். நான் சட்டத்தையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, ஒருச்சாச்சு வச்சுக்கோ” என்றார். ஒருச்சாய்த்த கதவுக்கு ஹிப்பாவில் இடமில்லை.

அப்புறம் தட்டல்கள். சிலிண்டர் வந்திருக்கிறது, புத்தகம் எங்கே? கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்திருக்கிறார்கள். மதுரைப் பெரியம்மா போனில், ஒரு நிமிஷம் பேசிவிட்டு வா. தட்டுகிற ஒவ்வொருவருக்கும் அது ஒரு நிமிஷம்தான். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சார்ட் என்று கணக்கு. நீளமான எமர்ஜென்சி சார்ட்டில் பாதியில் எழுந்து போனால், திரும்பி வந்து முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும்.

திருச்சியில் இருக்கிற டீம் தோழி ஒருத்தி வழி சொன்னாள்: “ஐடி கார்டை மாட்டிக்கோ.” வீட்டுக்குள்ளேயா என்று சிரித்தேன். மாட்டிப் பார்த்தால், வேலை செய்தது! காலையில் கார்டு கழுத்தில் ஏறினால் ஆபீஸ். சாப்பிட வரும்போது கழற்றி ஆணியில் தொங்கவிடுவேன். சட்டம் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த நீலக் கயிறு புரியவைத்தது. இப்போது வாசலில் யாராவது என்னைக் கேட்டால் “அவ டூட்டில இருக்கா, ஒரு மணிக்கு வாங்க” என்று அத்தையே அனுப்பிவிடுகிறார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் ஆணியைப் பார்ப்பாள். கார்டு தொங்கினால் என்னிடம் வருவாள், இல்லாவிட்டால் ஆச்சியிடம் போவாள்.

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் உற்பத்தி கூடும் என்று சொல்பவர்கள் எல்லோரும் காட்டுகிற ஆய்வு ஒன்று உண்டு. ஷாங்காயில் ஸீட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் மற்றவர்களும் செய்தது, 2015இல் வெளிவந்தது. 13 சதவீதம் கூடியது என்பது வரை எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆய்வில் சேரவே வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதை யாரும் சொல்வதில்லை. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அதில் ஐந்து பேர் என்கிற நம் வீடுகளுக்கு அந்த 13 எப்படிப் பொருந்தும்? எனக்கு அறை கிடைத்தது அதிர்ஷ்டம். நாத்தனார் கல்யாணமாகிப் போனதால் காலியான அறை அது.

அந்த அறையில் முதல் மேசை நாத்தனாருடைய தையல் மிஷின்தான். தலையை உள்ளே மடக்கிவிட்டால் மேலே பலகை. மானிட்டர் இரண்டும் உட்கார்ந்துவிடும், ஆனால் கீழே மிதி இருப்பதால் காலைத் தரையில் ஊன்ற முடியாது. கோடு தேடும்போது கால் தன்னால் மிதியை ஆட்டும், மானிட்டர் நடுங்கும். கூடவே பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு வருஷத்துக்குள் இடுப்புவலி வந்துவிட்டது. இப்போது நல்ல நாற்காலி, கடையிலிருந்து கணவர் கொண்டுவந்த பிளைவுட்டில் ஆசாரி செய்துகொடுத்த மேசை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மாதச் சம்பளத்தில் நாற்காலி வாங்குங்கள். மானிட்டர், ஹெட்செட் எல்லாம் கம்பெனி தரும். முதுகுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது.

கரண்ட் விஷயம் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், எங்கள் ஊரில் பாதி அவஸ்தை அதில்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்குப் போய் மத்தியானமோ சாயங்காலமோ வரும். அது முன்கூட்டியே தெரியும், சமாளிக்கலாம். சொல்லாமல் போவது காற்றுக் காலத்தில். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றைத் தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரெல்லாம் குற்றாலச் சாரலைக் கொண்டாடும்போது நாங்கள் தென்னைமட்டை எந்த லைனில் விழப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்வெர்ட்டர் இல்லாமல் இந்த வேலை நடக்காது. 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி என்றால் காகிதக் கணக்கில் 1,800 வாட்-மணி. சிபியூ, இரண்டு மானிட்டர், ஒரு ஃபேன் மட்டும் ஓடினால் புதிதில் ஐந்து மணி நேரம் தாங்கியது. வருஷம் போகப்போக அது பாதிக்கும் கீழே இறங்கியது. இரண்டு விஷயம் கவனியுங்கள். இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் யுபிஎஸ் மோடுக்கு ஒரு சுவிட்ச் இருந்தால் அதை அதில் வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கிற அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும், சேமிக்காத சார்ட் போயே போச்சு. இரண்டாவது, மிக்ஸி. எங்கள் வீட்டில் அடுப்படி பிளக்கும் இன்வெர்ட்டர் லைனிலேயே இருந்தது. கரண்ட் இல்லாத ஒரு காலையில் அத்தை தேங்காய்ச் சட்னி அரைக்க, 750 வாட் மிக்ஸி இழுத்த இழுப்பில் ஓவர்லோடு ஆகி, அலறிவிட்டு வீடு முழுக்க அணைந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அடுப்படியைத் தனியாகப் பிரித்த பிறகுதான் சட்னிக்கும் சார்ட்டுக்கும் சமாதானம்.

நெட் இணைப்புக்கு உள்ளூர் கேபிள்காரர் கொடுக்கிற ஃபைபர். வேகத்தில் குறையே இல்லை, சென்னையில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஒயர் கம்பத்துக்குக் கம்பம் தொங்கித்தான் வருகிறது. ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கேயோ அறுந்துவிட்டது என்று அர்த்தம், அணைத்துப் போட்டுப் பயனில்லை. நேராக லைன் பார்க்கிற தம்பிக்கு போன். அவன் வந்து ஒட்டிக் கொடுக்கும்வரை செல்போன் ஹாட்ஸ்பாட். அதனால் ஃபைபர் ஒரு கம்பெனி என்றால் சிம் வேறு கம்பெனியில் வைத்திருக்கிறேன். ரூட்டருக்கென்று தனியாக 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்று விற்கிறார்கள். நான் வாங்கியதிலேயே பைசா வசூல் அதுதான்.

கரண்ட் பில் பற்றி யாரும் முன்னால் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் மட்டும் இரண்டு மாதத்துக்கு அறுபது எழுபது யூனிட் எடுக்கும். கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், அதற்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். தாண்டிய யூனிட்டுக்கு விலை அதற்கும் மேலே. கூட்டுக்குடும்பத்தில் 500ஐத் தாண்டவைப்பது பெரும்பாலும் நம் அறைதான். கம்பெனி நெட்டுக்கு ஒரு தொகை தருகிறது, கரண்டுக்குத் தருவதில்லை.

இனி வேலை. 2020 ஏப்ரல் 1 முதல் கொரோனாவுக்கென்று யு07.1 என்ற புதுக் கோடு வந்தது. ஆபீஸில் இருந்திருந்தால் ட்ரெய்னர் முன்னால் நின்று சொல்லிக்கொடுத்திருப்பார், நாங்கள் சந்தேகம் கேட்டே அவரைக் கொன்றிருப்போம். எங்களுக்கு வந்தது ஒரு பிடிஎஃப். டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் போடலாம், ‘இருக்கலாம்’ என்று டாக்டர் எழுதியிருந்தால் போடக் கூடாது, அறிகுறிக்குத்தான் கோடு. இதைத் தனியாக உட்கார்ந்து படித்துப் புரிந்துகொண்டேன். நோய்க்கான கோடுகள் இருக்கிற ஐசிடி-10இல் அக்டோபர்தோறும் மாற்றம், சிகிச்சைக்கான கோடுகள் இருக்கிற சிபிடியில் ஜனவரிதோறும் மாற்றம். 2021இலும் 2023இலும் டாக்டர் விசிட் எந்த அளவுக்குப் பெரியது என்று லெவல் போடுகிற விதியே தலைகீழானது. ஒவ்வொரு தடவையும் ஆபீஸின் அருமை தெரியும். பக்கத்து சீட்டில் நாற்காலியைத் திருப்பி “ஏய், இதுக்கு மாடிஃபையர் வருமா?” என்று கேட்டால் ஐந்து விநாடி. சாட்டில் கேட்டால் கேள்வியை ஒழுங்காக எழுத வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், எழுத்தில் இருப்பதால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைப்பார்களோ என்றும் தோன்றும். பலர் கேட்காமலே கோடு போட்டுவிட்டு போட்ட கோடைச் சரிபார்க்கிற ஆடிட்டில் மாட்டுகிறார்கள்.

சிரிப்பதற்கும் ஆள் வேண்டும். வாத்து முட்டியதற்கு ஐசிடியில் தனிக் கோடு இருக்கிறது, டபிள்யூ61.62. ஆபீஸில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் வரிசை முழுக்கச் சிரிக்கும். இங்கே அத்தையிடம் சொன்னால், “வாத்து என்ன செஞ்சிச்சு பாவம்” என்பார்.

சரி, பதவி உயர்வு. கண்ணெதிரே இருப்பவருக்குத்தான் முதலில் போகும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே ஆள் எடுக்கிற ஐஜேபி அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பித்திருக்கிறேன். என் தர மதிப்பெண் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதே அபூர்வம். ஆனாலும் ஆடிட்டர் இடமும் டீம் லீடு இடமும் ஆபீஸ் வருகிறவர்களுக்கே போயின. மேலே சொன்ன ஷாங்காய் ஆய்விலும் இதே கதை: வேலைத்திறனை வைத்துப் பார்த்தால், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவு. வீடா ஆபீஸா என்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் இடம் மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியும் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டபோது என்னைப் போலச் சிலருக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. போக்குவரத்துப் படி வெட்டு, உயர்வு மெதுவாகத்தான் வரும் என்று வாய்மொழியாக ஒரு தகவல். தெரிந்தேதான் ஒத்துக்கொண்டேன். பள்ளிக்கரணை வாடகை மிச்சம், மகள் ஆச்சி தாத்தாவோடு வளர்கிறாள், ஓஎம்ஆர் டிராஃபிக்கில் உட்கார்ந்திருந்த நேரம் தூக்கமாகக் கிடைக்கிறது. இந்தக் கணக்கு எனக்குக் கட்டுபடியாகிறது. கல்யாணமாகாத, முப்பதுக்குள் லீடாக வேண்டும் என்கிற பெண் என்றால் நான் சென்னைக்குப் போகத்தான் சொல்வேன்.

புதிதாகப் படித்துவிட்டு முதல் வேலையே வீட்டிலிருந்து கிடைக்குமா என்று கேட்கிற தங்கைகளுக்கு: கிடைத்தாலும் வேண்டாம். முதல் வருஷம் ஆபீஸில் உட்காருங்கள், கற்றுக்கொள்வதில் முக்கால்வாசி பக்கத்து சீட்டிலிருந்துதான் வரும். கோடர் சான்றிதழுக்கான சிபிசி பரீட்சைக்கு நீங்களே நேராகப் பதிவு செய்துகொள்ளலாம், நடுவில் ஏஜென்ட் தேவையில்லை. ‘வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங், அனுபவம் தேவையில்லை, லேப்டாப் டெபாசிட் மட்டும் கட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் மோசடி. நோயாளி விவரத்தைக் கையாளுகிற எந்தக் கம்பெனியும் ஆளைப் பார்க்காமல், சான்றிதழைச் சரிபார்க்காமல் சிஸ்டம் கொடுக்காது, வேலை கொடுக்கக் காசும் கேட்காது. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.