தேய்ந்த கிராங்க் ஷாஃப்ட்: கிரைண்டிங்கா, புதுசா?

ஐடிலில் ஆயில் லைட் மினுக்குகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக ஒரு சத்தம் வருகிறது என்றால் பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, அதன் பேரிங் போயிருக்கும். எஞ்சினைப் பிரித்ததும் மெக்கானிக் இரண்டில் ஒன்றைச் சொல்வார். "கிரைண்டிங் போட்டுக்கலாம் சார்" என்பார், அதாவது தேய்ந்த இடத்தைச் சாணைக்கல்லில் இழைத்துச் சமமாக்குவது, இல்லையென்றால் "கிராங்கையே மாத்திடுங்க சார்" என்பார். எதைச் சொன்னாலும் நீங்கள் கேட்க வேண்டியது, அளந்து பார்த்தீர்களா என்பதுதான்.

கிராங்கில் பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதியான ஜர்னலைத் துடைத்துவிட்டு விரல் நகத்தை அதன் மேல் நீளவாக்கில், தேய்மானக் கோடுகளுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கும் மாட்டாமல் வழுக்கிப் போனால் நல்ல சேதி. தடுக்கித் தடுக்கிப் போனால் பாலிஷோடு வேலை முடியாது. அப்புறம் மைக்ரோமீட்டர். ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு ஓரத்திலும், ஒவ்வொரு ஓரத்திலும் நேராகவும் குறுக்காகவும் அளக்க வேண்டும். ஓரத்துக்கு ஓரம் மாறினால் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது, நேருக்கும் குறுக்குக்கும் மாறினால் முட்டையாகிவிட்டது. பல சின்ன கார் எஞ்சின்களில் இதற்கு விடும் சலுகை 0.01, 0.02 மி.மீ. அளவில்தான் இருக்கும், தலைமுடியே அதைவிடத் தடிமன். அளவு இதற்குள் நின்று, நகமும் தடுக்காமல் இருந்தால் லேசாகப் பாலிஷ் போட்டு ஸ்டாண்டர்ட் பேரிங்கை மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அளவு தாண்டிவிட்டால்தான் இந்தப் பஞ்சாயத்தே.

கிரைண்டிங்கின் பெரிய பலம் செலவு. புது கிராங்கின் விலையில் ஒரு சிறு பகுதியில் முடிந்துவிடும், நல்ல கடையாக இருந்தால் ஜர்னல் கண்ணாடி மாதிரி வரும். ஆனால் இழைப்பது நம் இஷ்டத்துக்கு இல்லை, பொதுவாக 0.25, 0.50 மி.மீ. என்று படிப்படியாகத்தான் இறங்க முடியும், அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் சந்தையில் இருந்தாக வேண்டும். பழைய அம்பாசடர் எஞ்சினுக்குப் பத்து, இருபது, முப்பது, நாற்பது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வரிசையாகப் பேரிங் கிடைத்தது, ஒரே கிராங்க் பல ஓவர்ஹாலைப் பார்த்துவிடும். இன்றைய கார்கள் பலவற்றுக்கு 0.25 மட்டும்தான் வருகிறது, சிலவற்றுக்கு அதுவும் இல்லை. கல்லில் வைத்த பிறகு 0.25-இல் தேய்மானக் கோடு மறையவில்லை என்று கடைக்காரர் 0.50 வரை இறங்கிவிட்டு, அந்த அளவுக்குப் பேரிங்கே வருவதில்லை என்று தெரிந்தால் கிராங்க் இரும்புக் கடைக்குத்தான். அதனால் எந்தப் படியில் கோடு போகும் என்று முதலில் அளந்து சொல்லச் சொல்லுங்கள், அந்த அளவுப் பேரிங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் இழைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மேல்தோலின் கடினம். இண்டக்‌ஷன் முறையில் கடினமாக்கிய கிராங்கில் அந்தத் தோல் சில மி.மீ. ஆழம் இருக்கும், கால் மி.மீ. இழைத்தால் ஒன்றும் ஆகாது. நைட்ரைடிங் செய்தது, அதாவது நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கியது என்றால் தோலே மெல்லிசு, இழைத்துவிட்டு மறுபடி நைட்ரைடிங் செய்யாமல் மாட்டினால் பேரிங் சீக்கிரமே திரும்பச் சத்தம் போடும். அடுத்து ஜர்னல் ஓரத்தில் இருக்கும் வளைவு. கல்லின் முனையைச் சரியாகச் சீர் செய்யாத கடையில் அந்த வளைவு கூர் மூலையாகிவிடும், விரிசல் அங்கேதான் பிறக்கும், பிறகு ஓடும் வண்டியில் கிராங்க் இரண்டாக உடையும். கிரைண்டிங் கெட்ட பெயர் வாங்கியதற்குப் பாதிக் காரணம் இந்த மூலைதான் என்பது என் எண்ணம்.

புது கிராங்க் இந்தத் தலைவலி எதுவும் இல்லாதது. ஸ்டாண்டர்ட் அளவு, ஸ்டாண்டர்ட் பேரிங், அடுத்த முறை இழைக்கவும் இடம் மிச்சம். ஆனால் புதுசு போட்டதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. பேரிங் சுழன்று, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடின் ஓட்டையையே தின்றிருந்தால் ராடையும் பார்த்தாக வேண்டும், பிளாக்கில் மெயின் பேரிங் உட்காரும் வரிசை நேராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில எஞ்சின்களில் கிராங்கிலும் பிளாக்கிலும் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதற்குரிய கலர் குறி போட்ட பேரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு செட் வாங்கி மாட்டினால் இடைவெளி சரியாக வராது. முக்கியமாக, 'புதுசு' என்றால் கம்பெனிப் பொருள். பெயர் தெரியாத டூப்ளிகேட் கிராங்கை வாங்குவதைவிட, வண்டியோடு வந்த ஒரிஜினலை நல்ல கடையில் இழைப்பதே மேல்.

மூன்றாவது வழியும் உண்டு. சென்னைக்காரர்கள் பழைய வண்டி உதிரிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு நேராகப் போவார்கள். பழைய கிராங்க் மட்டும் வாங்கினால், அங்கேயே மைக்ரோமீட்டர் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். பாதி எஞ்சின், முழு எஞ்சின் என்று பிளாக்கோடு வாங்கினால் எஞ்சின் நம்பர் மாறிவிடும், ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யில் ஏற்றாவிட்டால் எஃப்.சி.யிலோ விற்கும்போதோ மாட்டிக்கொள்வீர்கள். அந்த அலைச்சலையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நானாக இருந்தால், விரிசல் இல்லை, தண்டு வளையவில்லை, 0.25-இல் கோடு போகிறது, பேரிங்கும் கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் கிரைண்டிங். ஜர்னல் நீலம் பாய்ந்திருந்தால், அதாவது எண்ணெய் இல்லாமல் வெந்திருந்தால், மேக்னடிக் டெஸ்டில் விரிசல் தெரிந்தால், ஏற்கெனவே ஒருமுறை இழைத்த கிராங்காக இருந்தால், மாற்றிவிடுவேன். டாக்ஸி ஓட்டும் டீசல் வண்டிக்கு இன்னும் ஒரு படி கறார், ஏனென்றால் இரண்டாம் முறை எஞ்சின் இறக்கும் கூலியும் வண்டி நிற்கும் நாட்களின் வருமானமும் சேர்ந்தால் கிரைண்டிங்கில் மிச்சம் பிடித்தது காணாமல் போய்விடும். தேய்ந்த ஜர்னலில் வெல்டிங் வைத்து மறுபடி இழைத்து எடுப்பது பெரிய லாரி கிராங்குகளுக்குச் செய்வது, சின்ன காருக்கு அது கட்டுப்படியாகாது.

எதைச் செய்தாலும் ஆயில் பம்பையும் எண்ணெயை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரையும் பார்க்காமல் எஞ்சினை மூடவிடாதீர்கள், பேரிங் முதலில் போனதே எண்ணெய் வராததால் இருக்கலாம். இழைத்த கிராங்க் என்றால் எண்ணெய்த் துளைகளுக்குள் கல்தூள் தங்கியிருக்கும், துளையை அடைத்திருக்கும் பிளக்கைக் கழற்றி பிரஷ் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். லேத் கடையில் ஒவ்வொரு ஜர்னலின் இறுதி அளவையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, பேரிங் பெட்டியில் இருக்கும் அளவோடு ஒத்துப் பார்த்த பிறகு மாட்டச் சொல்லுங்கள்.