யூத் வேர்க் படிக்கிறதெண்டா எந்த வழி: பிஏயோ, மாஸ்டர்ஸோ, அப்பிரன்டிஸ்சிப்போ, பேசாமல் சோசல் வேர்க்கோ?

போன கிழமை மச்சாளின்ரை மகள் போன் எடுத்தவள். ஏ லெவல் முடியப்போகுது, யூத் வேர்க், அதாவது இளம் பெடியள் பெட்டையளோடை வேலை செய்யிற படிப்பு, படிக்கப்போறன் எண்டு வீட்டிலை சொல்லிப்போட்டாள், தகப்பன் கேட்ட முதல் கேள்வி "காவாலிப் பெடியளோடை பூல் மேசையிலை பந்து தட்டுறதுக்கும் யூனிவேர்சிற்றிக்குப் போகவேணுமோ?" எண்டதாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 12 வருசத்துக்கு முந்தி என்ரை அம்மா கேட்டதும் உதேதான், அம்மா பூல் மேசைக்குப் பதிலா கரம் போர்ட் எண்டு சொன்னவ, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுக்கு ஒண்டரை மணித்தியாலம் கதைச்சதை இஞ்சை எழுதுறன், வேறை ஆருக்கும் உதவும். இங்கிலாந்தை வச்சுத்தான் சொல்லுறன், வேல்ஸும் ஸ்கொட்லாந்தும் வேறை கதை, அதைப் பேந்து தொடுறன்.

எந்த வழியாப் போனாலும் முதல் பாக்கவேண்டியது ஜேஎன்சி எண்ட மூண்டு எழுத்து. யூத் வேர்க்கர்மாரின்ரை சம்பளம், வேலை நிபந்தனையள் எல்லாத்தையும் முதலாளிமார் பக்கமும் யூனியன் பக்கமும் இருந்து பேசித் தீர்க்கிற கொமிட்டி அது. அவை ஏத்துக்கொள்ளுற படிப்பெண்டாத்தான் "தகுதி பெற்ற யூத் வேர்க்கர்" எண்டு சொல்லேலும். எந்த யூனிவேர்சிற்றியின்ரை கோர்ஸ் அந்தத் தரத்திலை இருக்கெண்டு பாத்து முத்திரை குத்துறது லெஸ்டரிலை இருக்கிற நஷனல் யூத் ஏஜென்சி. முந்தி டிப்ளோமா இருந்தாலே காணும், 2010இலை இருந்து புதுசா வாறவைக்கு டிகிரி வேணும் எண்டு மாத்திப்போட்டினம். டிகிரிக்குக் கீழை இருக்கிற லெவல் 2, லெவல் 3 சான்றிதழ் செய்தவை யூத் சப்போர்ட் வேர்க்கர், அது கீழ்ப்படி. இதிலை இருக்கிற பொறி என்னெண்டா "சைல்ட்ஹூட் அன்ட் யூத் ஸ்டடீஸ்" மாதிரி வடிவான பேரோடை கனக்க டிகிரி இருக்கு, படிக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அதிலை பெரும்பாலானதுக்கு ஜேஎன்சி இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை கடைசி வருசத்திலை வேலைக்கு விண்ணப்பம் போடேக்கைதான் அதைக் கண்டுபிடிச்சவ. பாவம், பேந்து திரும்பவும் ஒரு வருசம் படிச்சவ.

சரி, உள்ளுக்கை என்ன படிப்பிக்கினம்? சோசியோலொஜி, குரூப் வேர்க், சேவ்கார்டிங் (பிள்ளையளை ஆபத்திலை இருந்து காக்கிறது), பொலிசி எண்டு எல்லாம் வரும். நடுநாயகம் ஒரே ஒரு விசயம்தான், பிள்ளை தானா விரும்பி வருது, விரும்பினா எழும்பிப் போகும். ரீச்சரிட்டைப் பிள்ளை கட்டாயம் போகவேணும், கோர்ட்டும் சட்டமும் இழுத்துக்கொண்டு வந்தா சோசல் வேர்க்கரிட்டைப் போகத்தான் வேணும், எங்களிட்டை அப்பிடி ஒண்டும் இல்லை, கதவு திறந்துதான் கிடக்கு. ஒரு அதிகாரமும் கையிலை இல்லாமல் 15 வயசுப் பெடியன் ஒருத்தனை அடுத்த கிழமையும் வரப்பண்ணி, அவன் தானாக் கதைக்கிற வரைக்கும் பொறுத்து, கதைச்ச பிறகு என்ன செய்யிறது எண்டதுதான் படிப்பு. ஒரு 10 நிமிசக் கதையை வீட்டை வந்து மூண்டு பக்கம் எழுதி, ஏன் அந்த இடத்திலை நான் வாயைத் திறந்தன், திறக்காமல் விட்டிருந்தா என்ன எண்டு நோண்ட வைப்பினம். அரியண்டம் பிடிச்ச வேலை. ஆனா அதிலைதான் நான் திருந்தினது.

முதல் வழி மூண்டு வருச பிஏ. 2025-26இலை வருசத்துக்கு 9,535 பவுண் ஃபீஸ், வழமையான ஸ்டூடன்ட் லோன் கிடைக்கும். 800 மணித்தியாலம் அளவிலை பிளேஸ்மென்ட், அதாவது வேலைத்தலத்திலை நிண்டு பழகிற பயிற்சி, யூத் கிளப், பள்ளிக்கூடம், தெருவிலை போய் நிண்டு செய்யிற டிட்டாச்ட் வேலை எண்டு வேறை வேறை இடம் பாக்கலாம், அது இதின்ரை பெரிய பலம். பலவீனம் வயசு. 18 வயசிலை தொடங்கி முதல் பிளேஸ்மென்டிலை 17 வயசுக்காரருக்கு முன்னாலை நிண்டா அவங்கள் உங்களைத் தங்கடை கூட்டத்திலை ஒண்டாத்தான் பாப்பாங்கள், நீங்களும் அப்பிடித்தான் நடப்பீங்கள். இன்னொரு சிக்கல், இந்தக் கோர்ஸுகள் ஒவ்வொண்டா மூடுப்பட்டுக்கொண்டு வருது. இந்தப் படிப்புக்கே பேர்போன லண்டன் வைஎம்சிஏ ஜோர்ஜ் வில்லியம்ஸ் கொலிச் இப்ப டிகிரி படிப்பிக்கிறேல்லை. அதாலை போன வருசத்துப் பட்டியலைப் பாத்து நம்பாதேங்கோ, ஏஜென்சியின்ரை பட்டியலிலை உங்கடை வருசத்துக்கு அந்தக் கோர்ஸ் இருக்கோ எண்டு பாருங்கோ.

ரெண்டாவது, வேறை ஏதாவது டிகிரி முடிச்சவைக்கு இருக்கிற முதுநிலை வழி. நான் வந்தது இதாலைதான். பிஸ்னஸ் ஸ்டடீஸ் படிச்சு, ரெண்டு வருசம் ஒஃபிஸிலை குந்தியிருந்து விசர் பிடிச்சு, பின்னேரத்திலை வொலன்டியரா யூத் கிளப்புக்குப் போய், கடைசியிலை அதையே படிச்சன். முழுநேரமா ஒண்டிலை இருந்து ரெண்டு வருசத்துக்குள்ளை முடிக்கலாம், பிளேஸ்மென்ட் மணித்தியாலமும் பிஏயை விடக் குறைவு, வகுப்பிலை இருக்கிறவை எல்லாரும் ஏதோ ஒரு வேலை பாத்திட்டு வந்த ஆக்கள், அதாலை கதையிலை சாரம் இருக்கும். ஆனா காசு விசயத்திலை கவனம். மாஸ்டர்ஸுக்கு ஒரு படி கீழை இருக்கிற பிஜி டிப்ளோமாவோடை நிப்பாட்டினாலும் ஜேஎன்சி குடுக்கிற இடங்கள் இருக்கு, மிச்சக் காசு மிச்சம் எண்டு நினைச்சு டிப்ளோமாக்கு மட்டும் பதிஞ்சா அரசாங்க மாஸ்டர்ஸ் லோன் கிடைக்காது, அது முழு மாஸ்டர்ஸுக்குப் பதியிறவைக்குத்தான். 2025-26இலை அது 12,858 பவுண் வரைக்கும். அதிலையும் ஃபீஸும் சாப்பாடும் லண்டன் வாடகையும் எல்லாம் அடங்கவேணும், அடங்காது.

மூண்டாவது டிகிரி அப்பிரன்டிஸ்சிப், லெவல் 6. ஒரு கவுன்சிலோ சரிட்டியோ உங்களை வேலைக்கு எடுத்து, சம்பளம் தந்து, வேலை நேரத்திலை ஒரு பங்கைப் படிப்புக்கு விட்டுத்தரும். நீங்கள் ஒரு பென்னியும் ஃபீஸ் கட்டத் தேவையில்லை. கிட்டத்தட்ட மூண்டு வருசம், முடிவிலை டிகிரியும் இருக்கு ஜேஎன்சியும் இருக்கு. எங்கடை கிளப்புக்கு 14 வயசிலை கதவிலை உதைஞ்சுகொண்டு வந்த ஒருத்தன் இப்ப இந்த அப்பிரன்டிஸ்சிப்தான் செய்யிறான், கடன் இல்லை, கையிலை சம்பளம், எனக்கு உள்ளுக்கை கொஞ்சம் எரிச்சல்தான். பிறகென்ன பிரச்சினை எண்டா, இடம் கிடைக்கவேணும். யூத் வேர்க் செய்யிற அமைப்புகள் கனக்க சின்னன், ஒரு ஆளை மூண்டு வருசத்துக்கு வச்சிருப்பம் எண்டு சொல்லுறதுக்கே அவையிட்டை அடுத்த வருசத்துக் காசு இருக்காது. மற்றது, ஒரே இடத்திலைதான் வேலை, அங்கத்தைய பழக்கம் பிழையா இருந்தா உங்களுக்கும் அது ஒட்டும். படிப்பும் லேசில்லை, பகல் மீட்டிங், பின்னேரம் கிளப், இரவு எசே, பெடியன் கண் உள்ளுக்கை போய்த்தான் திரியிறான்.

நாலாவது உண்மையிலை வேறை படிப்பு, ஆனா எங்கடை ஆக்கள் எல்லாரும் கடைசியிலை இதோடைதான் ஒப்பிடுவினம்: "பிள்ளையளோடை வேலை செய்யிறதெண்டா சோசல் வேர்க் படியன்". சித்தப்பாவின்ரை மகள் அதைத்தான் படிச்சவள், நானும் அவளும் ஒவ்வொரு கலியாண வீட்டிலையும் ஒரு மூலையிலை இருந்து ஆற்றை வேலை கூடக் கஷ்டம் எண்டு சண்டை பிடிக்கிறது வழமை. நேர்மையாச் சொன்னா, பாதுகாப்பு எண்டு பாத்தா அவள்தான் வெண்டவள். இங்கிலாந்திலை 2005இலை இருந்து "சோசல் வேர்க்கர்" எண்ட பேரைச் சட்டம் காக்குது, பதிவு இல்லாமல் ஆரும் அப்பிடிச் சொல்லிக்கொள்ளேலாது, இப்ப அந்தப் பதிவைப் பாக்கிறது சோசல் வேர்க் இங்கிலண்ட். "யூத் வேர்க்கர்" எண்டு நாளைக்கே ஆரும் கார்ட் அடிச்சுக்கொண்டு திரியலாம், கேக்க ஆளில்லை. அவளுக்குப் படிக்கேக்கை அரசாங்க பேர்சரி (திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவிக் காசு) கிடைச்சது, எங்களுக்கு அப்பிடி ஒண்டு இல்லை. 1998இலை வந்த சட்டம் ஒண்டு குற்றத்திலை மாட்டின இளம் பிள்ளையளைப் பாக்கிற ஒவ்வொரு யூத் ஒஃபென்டிங் டீமிலையும் ஆர் ஆர் இருக்கவேணும் எண்டு சொல்லுது. சோசல் வேர்க்கர், புரொபேசன் ஒஃபிசர், பொலிஸ், சுகாதாரத்திலை இருந்து ஒராள், கல்வியிலை இருந்து ஒராள். யூத் எண்டு பேர் வச்ச டீம், பட்டியலிலை யூத் வேர்க்கர் இல்லை! எங்களையும் எடுக்கினம்தான், ஆனா சட்டம் கட்டாயப்படுத்தி இல்லை.

வேலை எண்டு பாத்தா படம் மாறும். அவளின்ரை நாள் கேஸ் ஃபைல், அசெஸ்மென்ட், கோர்ட் அறிக்கை. 200 நாள் பயிற்சியிலை சிறு பங்கு ஸ்கில்ஸ் நாள், மிச்சமெல்லாம் பிளேஸ்மென்ட், அதுவும் எங்கடையை விடக் கடும் கண்டிப்பு. வீட்டுக் கதவைத் தட்டேக்கையே உள்ளுக்கை இருக்கிற தாய்க்கு நெஞ்சு பதறும், பிள்ளையை எடுத்துக்கொண்டு போகப்போகினமோ எண்டு. என்ரை முகத்தைக் கண்டு அப்பிடி ஆரும் பதறினதில்லை. அதே நேரம், ஒரு பிள்ளைக்கு வீட்டிலை ஆபத்து எண்டு தெரிஞ்சா நான் ரெஃபரல் எழுதி அனுப்பிப்போட்டு நிக்கத்தான் ஏலும், அவளாலை முடிவெடுக்க ஏலும். சில இரவு எனக்கு அது பெரிய நிம்மதி, சில இரவு நித்திரை வராது. இந்த ரெண்டிலை எது உங்களுக்குத் தாங்கும் எண்டது முதல் பிளேஸ்மென்டிலையே தெரிஞ்சுபோம்.

காசு நிலைமையை மறைச்சுப் பிரயோசனமில்லை. 1960இலை யூத் சேவையைப் பற்றி அல்பமார்ள் அறிக்கை வந்த கையோடை அரசாங்கம் லெஸ்டரிலை தனிக் கொலிச் திறந்து, ஒரு வருசக் கோர்ஸ் வச்சு, அவசரம் அவசரமா யூத் லீடர்மாரை உருவாக்கினது. இப்ப தலைகீழ். 2010க்குப் பிறகு இங்கிலாந்து கவுன்சிலுகள் யூத் சேவைக்குச் செலவழிக்கிற காசு 70 வீதத்துக்கு மேலை விழுந்துபோச்சு எண்டு வைஎம்சிஏ கணக்குக் காட்டுது. சட்டத்திலை கடமை இருக்கு, 1996 கல்விச் சட்டத்தின்ரை 507பி பிரிவு, 13 இலை இருந்து 19 வயசு வரைக்கும் ஓய்வுநேர வசதி செய்து குடுக்கவேணும் எண்டு. ஆனா "நியாயமாச் செய்யக்கூடிய அளவுக்கு" எண்டு ஒரு வால் வச்சிருக்கினம், கவுன்சிலுகள் முழுக்க அந்த வாலைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிது. அதாலை வேலை இருக்கு, நிரந்தர வேலை குறைவு. பின்னேரம், சனி ஞாயிறு, பள்ளிக்கூட லீவு எண்டு மற்றவை ஓய்வா இருக்கேக்கை உங்களுக்கு வேலை. கலியாணம் பேச வாறவைக்கு இதை விளங்கப்படுத்துறது தனிக் கலை.

வேல்ஸிலை யூத் வேர்க்கர்மார் 2017இலை இருந்து எடியுகேசன் வேர்க்ஃபோர்ஸ் கவுன்சிலிலை பதியவேணும், அதாலை மதிப்புக் கொஞ்சம் கூட. ஸ்கொட்லாந்திலை இது கொமியுனிட்டி லேர்னிங் அன்ட் டிவலப்மென்ட் எண்ட குடைக்குள்ளை வருது, ஒனர்ஸ் டிகிரி நாலு வருசம், அங்கத்தைய பிள்ளையளுக்கு ஃபீஸ் இல்லை. ஊரிலை இருந்து மாஸ்டர்ஸ் செய்ய வாறன் எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒண்டு: 2025 ஜூலையிலை இருந்து ஸ்கில்ட் வேர்க்கர் வீசாக்குப் புதுசாப் போறதெண்டா பெரும்பாலும் டிகிரித் தரத்து வேலையா இருக்கவேணும், உங்கடை யூத் வேர்க்கர் வேலை அந்தத் தரத்திலை இருக்கோ எண்டு அரசாங்கத்தின்ரை அட்டவணையிலை முதல் பாருங்கோ.  சோசல் வேர்க்குக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

மச்சாளின்ரை மகளுக்கு நான் சொன்னது இதுதான். ஏற்கனவே ஒரு கிளப்பிலை கால் வச்சிருந்தா அப்பிரன்டிஸ்சிப்புக்கு நாய் மாதிரி அலைஞ்சாவது பாரு. கிடைக்காட்டி பிஏ, ஆனா ஒரு வருசம் எங்கையாவது வொலன்டியரா நிண்டுபோட்டுப் போ, உனக்கு 19 வயசு ஆகட்டும். வேறை டிகிரி கையிலை இருக்கிறவை பிஏயைத் திரும்பியும் பாக்கத் தேவையில்லை. பதிவும் பாதுகாப்பும் இல்லாமல் நித்திரை வராது எண்டா வெக்கப்படாமல் சோசல் வேர்க்குக்குப் போ.

ஓப்பன் டேயிலை கட்டிடத்தையும் லைப்ரரியையும் பாத்துப்போட்டு வராமல், பிளேஸ்மென்ட் ஆர் தேடித்தாறது, அங்கை இருக்கிற சூப்பர்வைசருக்கு ஜேஎன்சி இருக்கோ, அந்த ஆள் இடையிலை விட்டுட்டுப் போனா என்ன செய்வியள் எண்டு கேக்கச் சொன்னனான். என்ரை ரெண்டாவது பிளேஸ்மென்டிலை சூப்பர்வைசர் வேலையை விட்டுட்டுப் போய் அஞ்சு கிழமை கேக்க ஆளில்லாமல், தெருவிலை ரெண்டு கோஷ்டிப் பெடியளுக்கு நடுவிலை தனிய நிண்டனான், அதுக்குப் பிறகுதான் இந்தக் கேள்வி எனக்கே தெரியவந்தது. வாற சனிக்கிழமை அவள் போறாள். தகப்பன்தான் கார் ஓடிக்கொண்டு போறாராம், அவரும் ஒரு கேள்வி வச்சிருக்கிறாராம், பூல் மேசையைப் பற்றி.