கண்கூச்சத்தோடு மட்டக்களப்பில் ஐந்து கிழமைகள்

இந்த முறை ஆடி அமாவாசைக்குச் சில நாட்கள் முன்னதாக மட்டக்களப்புக்கு வந்து, ஆவணி முடியும் வரை ஐந்து கிழமைகள் கல்லடியில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். எனக்கு ரெட்டினைற்றிஸ் பிக்மென்ரோசா என்னும் பரம்பரை விழித்திரைச் சிதைவு இருக்கிறது. பக்கப் பார்வை ஒடுங்குவதையும் இருட்டில் தடுமாறுவதையும் பற்றிச் சொன்னால் எவரும் புரிந்துகொள்வார்கள். ஆனால், கடும் வெளிச்சம் பட்டவுடன் எதிரே உள்ள எல்லாம் வெளுத்து மறைந்துபோவதையும், கண்ணின் ஓரங்களில் தணல் பறப்பது போன்ற ஒரு மினுக்கம் கண்ணை மூடினாலும் ஓயாமல் ஓடுவதையும் சொன்னால் நம்புவதற்கு ஆட்கள் குறைவு. சுவிற்சர்லாந்தில் இருந்து இப்படியான கண்ணோடு ஊருக்கு வர யோசிப்பவர்களுக்கும், ஊரில் வயதானவர்களைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

கொழும்பில் இருந்து இரவு ரெயிலில் வந்தேன். எதிரே வரும் வாகனங்களின் எல்.ஈ.டி விளக்குகள் முகத்தில் அறையாததால் இரவுப் பஸ்ஸை விட அது எனக்கு எவ்வளவோ மேல். ஆனால் வெலிக்கந்தையைத் தாண்டி விடிந்த பிறகு, மரங்களுக்கு இடையால் வெயில் விட்டுவிட்டு அடிக்கத் தொடங்கியது. வாழைச்சேனைக்குப் பிறகு பாதை தெற்கே திரும்புவதால் காலை வெயில் முழுவதும் இடப்பக்க யன்னல்களுக்கே வருகிறது. இதை முன்னரே யோசித்து வலப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். என் நிலையைச் சொன்னதும் எதிர்ப்பக்கத்தில் இருந்த ஒரு தம்பி எழுந்து தன் இடத்தைத் தந்தார்.

மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வடக்கு அகலாங்கில் இருப்பதால், ஆவணிக் கடைசியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. அந்த நேரத்து வெளிச்சம் மேலிருந்து இறங்குவதால் கண்ணாடியின் மேல் விளிம்புக்கும் நெற்றிக்கும் இடையால் உள்ளே வந்துவிடும். அதற்குக் குடையைப் போல ஒரு மருந்து இல்லை. காலையில் நகரத்தில் இருந்து வாவியைக் கடக்கும் பாலத்தால் கல்லடிப் பக்கம் வரும்போதும், மாலையில் நகரத்துக்குப் போகும்போதும், வெயில் நேரே முகத்துக்கு வருவதோடு வாவித் தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் வருகிறது. 1924 இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தில் நடந்துபோக எனக்குச் சிறு வயது முதல் ஆசை உண்டு. இப்போது அதன் சட்டங்களின் நிழலும் வெயிலும் மாறிமாறிக் கண்ணில் விழுவதால், பெரியம்மாவின் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடிதான் நடந்தேன்.

வெயிலை விட என்னை அதிகம் வருத்தியது அந்தி. இருட்டுக்கு முழுமையாகப் பழகுவதற்கு நல்ல கண்ணுக்கே 30 முதல் 40 நிமிடங்கள் வரை வேண்டும். நம் ஊரிலோ சூரியன் விழுந்து இருபது நிமிடங்களுக்குச் சற்று மேலானதும் இருட்டிவிடுகிறது. நான் வாழும் சுவிற்சர்லாந்தின் நீண்ட கோடை அந்தி என் கண்ணுக்குத் தந்த அவகாசம் இங்கே கிடைக்கவில்லை. ஆறு மணிக்குப் பிறகு தனியே வெளியே போவதில்லை என்று மூன்றாம் நாளே முடிவு செய்தேன். மாலைக்கண் என்று கேள்விப்பட்ட அயலவர்கள் பொன்னாங்காணியும் கரட்டும் கொண்டுவந்து தந்தார்கள். அந்த அன்பை நான் மறக்கமாட்டேன். ஆனால் கீரையால் மாறுவது விட்டமின் ஏ குறைவினால் வரும் மாலைக்கண். என்னுடையது, சொந்த மச்சானும் மச்சாளுமாக இருந்து கலியாணம் கட்டிய என் பெற்றோர் இருவரும் தம்மை அறியாமலே சுமந்த ஒரு மரபணுக் குறையால் வந்தது.

தீர்த்தத்தன்று மாமாங்கேஸ்வரர் கோயிலில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்பதைப் பார்த்து ஒருவர் கடிந்துகொண்டார். கண் வருத்தம் என்றதும் அவரே கூட்டத்தை விலக்கி என்னைத் தூண் நிழலுக்குக் கொண்டுபோய் விட்டார். வங்கியின் பண இயந்திரமோ மேற்கு நோக்கி வைக்கப்பட்டிருந்ததால் பின்னேரம் அதன் திரையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. உள்ளே போய்ச் சொன்னேன். காலையில் வரச் சொன்னார்கள். திரைக்கு மேல் ஒரு சிறிய கூரைத் தகடு போட்டால் தீரும் காரியம் அது.

கண்ணாடிக் கடையில் கிடைத்த உதவியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் போன கடையில் எவ்வளவு கறுப்போ அவ்வளவு நல்லது என்றார்கள். கறுப்பின் அளவை வைத்து மூன்றாம் வகை என்று குறிக்கப்படும், கடும் வெயிலுக்கான கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கை மட்டுமே உள்ளே விடும். அதை அணிந்தபடி வீட்டுக்குள் நுழைந்தால் என்னைப் போன்றவர்களுக்கு வாசற்படியே தெரியாது. இரண்டாவது கடையில் இருந்த இளைஞர், "அக்கா, எந்த இடத்துல கூடக் கூசுது, வெளியிலயா, லைட்டுக்குக் கீழயா?" என்று கேட்டார். பிறகு மஞ்சள், தேன் நிறம், கபிலம் என்று மூன்று வில்லைகளை எடுத்துக்கொண்டு என்னைக் கடை வாசலுக்கே கூட்டிவந்து, தெருவையும் கடையின் உட்புறத்தையும் ஒவ்வொன்றாலும் பார்க்கச் செய்தார். கண்ணுக்குள் அதிகம் சிதறிப் புகையாகப் படர்வது நீலம் சார்ந்த ஒளி. தேன் நிற வில்லை அதை வடித்துவிட்டு மற்றதை விடுவதால் கூச்சம் குறைந்தும் படிகள் தெளிவாகவும் தெரிந்தன. வாவிக்கரைக்கு மட்டும், தண்ணீரில் தெறிக்கும் ஒளியை அடக்கும் போலரைஸ்ட் கண்ணாடி தனியாக வாங்கினேன்.

பெரியம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. விழித்திரையின் நடுப்பகுதி முதுமையால் தேய்ந்து, நேரே பார்ப்பவரின் முகம் அவருக்குத் தெரிவதில்லை. அவருடைய கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். அரச வைத்தியசாலையில் ஒரு சதமும் வாங்காமல் பார்க்கிறார்கள் என்பதை வெளிநாட்டில் காப்புறுதிக் கட்டணம் கட்டிக் களைத்த எவரும் சாதாரணமாக எண்ணமாட்டார்கள். ஆனால் காத்திருக்கும் வாங்குகள் வெயில் பக்கம் இருந்தன. கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை கூச்சம் நீடிக்கும். மருந்து விட்டவர்கள் சேலைத் தலைப்பாலும் கைலேஞ்சியாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அந்த வாங்குகளிலேயே இருந்தார்கள். நாங்கள் கொண்டுபோன குடையின் கீழ் பெரியம்மாவோடு இன்னும் இருவர் ஒதுங்கினார்கள்.

எழுத்துப் பலகையைக் காட்டி, எண்ணைக் கொப்பியில் குறித்து, அடுத்தவரைக் கூப்பிடும் வேகத்தில் அன்று எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அந்த இளம் பெண் வைத்தியர் கொப்பியை மூடாமல், "அம்மா, இல்லாத ஏதும் கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்டார். பெரியம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "பின்னேரத்துல முத்தத்துல சின்னப் புள்ளைகள் நிக்கிற மாதிரித் தெரியும். ஒரு சத்தமும் இல்ல. நான் ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல" என்றார். பேய் பிடித்தது என்பார்கள், அல்லது மூளை பிசகிவிட்டது என்பார்கள் என்று பயந்து, எத்தனை மாதங்கள் அதை மறைத்தாரோ!

பார்வை குறைந்து விழித்திரையில் இருந்து வரும் செய்தி அருகும்போது, மூளை தன்னிடம் உள்ள படங்களால் அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொள்கிறது. 1760 இல் ஜெனீவாவைச் சேர்ந்த சார்ள்ஸ் பொனே, பார்வை மங்கிய தன் பாட்டனாருக்கு மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை எழுதிவைத்தார். அதற்கு அவர் பெயரே நிலைத்தது. காண்பது உண்மையல்ல என்று காண்பவருக்குத் தெரியும். அது மனநோய் அல்ல. நான் வாழும் நாட்டில் எழுதப்பட்ட இந்த விடயத்தை, அங்கே இத்தனை வருடங்கள் கண் வைத்தியம் பார்த்தும், ஊருக்கு வந்துதான் அறிந்தேன். என் மினுக்கமும் அதன் அயலிலேயே இருக்கிறது: சிதையும் விழித்திரை வெளிச்சம் இல்லாமலே அனுப்பும் பொய்ச் செய்தி அது. ஆனால் திடீரெனப் புதிதாக மின்னல் வெட்டி, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தால், அல்லது திரை இழுத்தது போல ஒரு பக்கம் மறைந்தால், விழித்திரை கிழிகிறது என்று எண்ணி அன்றே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். அதைக் கிளினிக் நாள் வரை வைத்திருக்கக்கூடாது.

உருவங்கள் தெரியும்போது கண்ணை இடமும் வலமுமாக அசைக்கும்படியும், அறையின் வெளிச்சத்தைக் கூட்டியோ குறைத்தோ பார்க்கும்படியும் வைத்தியர் சொல்லி, கொப்பியிலும் எழுதித் தந்தார். அதே கண்ணாடிக் கடையில் பெரியம்மாவுக்கும் ஒரு தேன் நிறக் கண்ணாடி செய்வித்தோம். நான் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அதைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்தவர், "மகள், மூணு பேர் வந்து நிக்காங்க" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு கண்ணை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டு, முற்றத்தில் கோழிகள் மட்டும் நிற்கின்றனவா என்று என்னிடம் கேட்டார்.